அண்ணன் ஆறு கட்டம், தம்பி ஐந்து கட்டம்

காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பதினொன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் பத்து நிமிடம் பிந்தி வந்தால் அதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை. தோளில் பை, பைக்குள் ஸ்க்ரூடிரைவர்கள், நான்கு பென் டிரைவ், சாப்பாட்டு டப்பா. கடையில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ஃபார்மட்'. எந்த மிஷினைக் கொண்டுவந்து வைத்தாலும் முதல் வேலையாக "ஃபார்மட் அடிச்சிடலாமா?" என்று கேட்பேனாம். பத்தொன்பது வருடத்தில் பாதி வியாதிக்கு அதுதான் மருந்து என்று கண்டவன் நான். அவர்கள் கிண்டலை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் நடுவே சுவர் எழுப்பிய வீடு அது ஒன்றுதான். வாசற்படியை இரண்டாக வெட்டிக்கொண்டு தொடங்கிய செங்கல் சுவர், மொட்டை மாடிவரை பூச்சில்லாமல் ஏறிப் போயிருந்தது. ஹாலுக்குள் அதே சுவர் ஜன்னலில் பாதியை விழுங்கிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் மூன்று கம்பி தெரிந்தது, மீதி அந்தப் பக்கம். ஈர சிமெண்ட் வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. துருப்பிடித்த இரும்பைக் கையில் வைத்திருந்துவிட்டு முகர்ந்தால் வருமே, அது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு என்று பார்த்ததுமே புரிந்தது. எனக்கென்ன வந்தது? பையை இறக்கி வைத்தேன்.

கதவைத் திறந்த பெண்மணி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அவர் கணவர் கட்டிட பிளான் வரைபவர். சுவரை ஒட்டிப் போட்டிருந்த மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் அடிக்கோல், கூராகச் சீவிய பென்சில்கள். வலது கையில் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு. வலது காதில் தையல். வலது பக்கம் மட்டும் பற்கள் இல்லாமல் கன்னம் குழிந்திருந்தது.

"மாடிப்படியில விழுந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"ஆமா சார்," என்றார் மனைவி, நான் கேட்டு முடிப்பதற்குள்.

சரி, குடித்துவிட்டு எங்கேயோ வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அடியெல்லாம் ஒரே பக்கமாக விழுந்திருக்கிறதே என்று யோசித்தேனா? யோசிக்கவில்லை. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் என் மூளை வேலை செய்யாது.

"ஒரே மிஷின்ல ரெண்டு ஓ.எஸ். போட முடியும் இல்லையா? எங்க ஆபீஸ்ல ஒண்ணுல அப்படித்தான் இருக்கு," என்றார் மனைவி. ஓ.எஸ். என்பது மிஷினை ஓட்டுகிற ஆள் மாதிரி.

"தாராளமா. ஆனா எதுக்கும்மா ரெண்டு? பழசை ஃபார்மட் அடிச்சிட்டு..."

கணவரின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு வலித்தது.

"அழிக்கக் கூடாது," என்றார்.

மனைவி மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டார். "பழசு அப்படியே ஒரு பக்கமா இருக்கட்டும் சார். இன்னொரு பக்கம் புதுசா போட்டு, இவரோட போட்டோ, இவர் வரைஞ்சது, இவர் குரல் எல்லாம் அதுல ஏத்திடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமா?"

"எப்படிம்மா ஓடும்? மிஷின் ஒண்ணுதானே. ஒருத்தர் ஓடும்போது இன்னொருத்தர் படுத்துடுவார். மறுபடி ஆரம்பத்துலேர்ந்து போட்டாதான் ஆள் மாறும்."

அந்த அம்மா வெகுநாள் பிடித்து வைத்திருந்ததைப் போல மூச்சை விட்டார். "அது போதும்," என்றார்.

"அப்ப முதல்ல பார்ட்டிஷன் பண்ணணும்."

"மறுபடியுமா?" என்று திடுக்கிட்டார் கணவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கைச் சொன்னேன் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஷினைப் போட்டேன். காற்றாடி தூசியைச் சூடாக்கிக் கொண்டு சுற்றியது. டிஸ்க் உள்ளே தடக், தடக் என்றது. ஆயுசு முடியப்போகிற டிஸ்க் போடும் சத்தம் அது. பாஸ்வேர்டு கேட்டது.

"இது யாரோட அக்கவுண்ட்?"

"இவங்க அண்ணனோடது."

"அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

"அண்ணன் இல்லைங்க."

"எப்ப வருவார்?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பத்துக்கு," என்றார் மனைவி.

நம் மொழியில் 'இல்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வேலை வாங்குகிறோம் பாருங்கள். வெளியே போனவரும் இல்லை, செத்தவரும் இல்லை. அவர் வெளியே போயிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வருவதற்குள் முடித்துவிட்டால் நல்லது, அண்ணன்காரன் வந்து யாரைக் கேட்டுக் கை வைத்தாய் என்று சண்டைக்கு நிற்பானே என்றுதான் கவலைப்பட்டேன்.

பாஸ்வேர்டு இல்லாமலும் பிரிக்க முடியும். என் பென் டிரைவைச் செருகி, டிஸ்கைத் திறந்து பார்த்தேன். மொத்தம் ஐந்நூறு ஜி.பி. முழுவதும் அண்ணனுடையது.

"சரிபாதியா வெட்டிடவா? இருநூத்தி அம்பது, இருநூத்தி அம்பது?"

கணவர் என் காதருகே குனிந்தார். வாயிலிருந்து ரத்த வாடை வந்தது.

"எனக்குக் கொஞ்சம் கூட வைங்க," என்று கிசுகிசுத்தார். "அவருக்குத் தெரியாம."

யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? அண்ணனுக்கு இருநூற்று நாற்பது, தம்பிக்கு இருநூற்று அறுபது என்று வைத்தேன். 'வெட்டு' என்பதை அழுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமாகத் தரையில் விழுந்தது.

"பக்கத்துல யாரோ வந்துட்டாங்க போல," என்றேன்.

"அந்தப் பக்கம் பூட்டியிருக்கு சார்," என்றார் மனைவி.

புது ஓ.எஸ். ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. மிஷினைப் போட்டதும் யாரை எழுப்புவது என்று கேட்கும் பட்டியலில் இரண்டு வரி வர வேண்டும். ஆங்கிலத்தில் ஏதோ பெயர் வைக்கப்போனேன். அந்த அம்மா விடவில்லை. "தமிழ்ல வைங்க. அண்ணன், தம்பின்னு. பார்த்த கண்ணுக்குத் தெரியணும்." அப்படியே அடித்தேன். அந்தத் தொடக்கத் திரைக்குத் தமிழ் எழுத்தே தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் உறைக்கவில்லை. பத்தொன்பது வருடம் என்று பீற்றிக்கொண்டேனே, அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் எதையும் தொடாவிட்டால் பத்து நொடியில் தானாக எழ வேண்டியது தம்பிதான் என்று குறித்தேன். அந்த இடத்தில் 1 என்று போட வேண்டும். எங்கள் தொழிலில் எண்ணுவது பூஜ்ஜியத்திலிருந்து. முதல் வரிக்குப் பெயர் பூஜ்ஜியம், இரண்டாவது வரிக்குப் பெயர் ஒன்று. இல்லாததற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டுத்தான் எண்ண ஆரம்பிப்போம். அண்ணன் பூஜ்ஜியம், தம்பி ஒன்று. அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன் வந்தது, பேசிக்கொண்டே மூடினேன். சேமித்தேனா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

ஒன்றே முக்காலுக்கு, பட்டியலுக்குப் போகாமல் பென் டிரைவ் வழியாகவே தம்பியின் பக்கத்தை எழுப்பினேன். கல்யாணப் போட்டோ, அவர் வரைந்த பிளான்கள், போனில் பதிந்திருந்த பேச்சு எல்லாவற்றையும் ஏற்றினேன்.

கணவர் எழுந்து நின்றார். சோம்பல் முறித்தார். தானே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். "பசிக்குதுடி," என்றார் மனைவியிடம். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாம் அவர் பசி என்று சொன்னது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டு யாராவது சந்தோஷத்தில் அழுது நான் பார்த்ததே கிடையாது.

"இப்ப சொல்றேன் சார்," என்றார் அவர், என்னைக் கதவருகே அழைத்துப்போய். குரல் தணிந்திருந்தது. "சுவரோட கோட்டை பிளான்ல போட்டது இவர். பெரியவர் கையெழுத்துப் போட்ட பிறகு அரை அடி அந்தப் பக்கம் தள்ளி வச்சுட்டார். சுவர் எழுந்த பிறகுதான் அவர் டேப் வச்சு அளந்தார். சண்டை. கடப்பாரையை ரெண்டு பேரும் இழுத்தாங்க."

"அப்புறம்?"

"இவர் கையில வந்துடுச்சு."

கணவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு அடி இல்ல சார். எண்ண முடியல. அவருக்கு வலது பக்கம் முகமே இல்லாம போச்சு. படியில விழுந்தார்னு சொல்லிட்டோம். ரெண்டு பத்து இருக்கும் அப்ப. அன்னையிலேர்ந்து ரெண்டு பத்துக்கு அவரோட இந்த மிஷின் தானா எழும். எழுந்தா இவருக்குள்ள அவர் வந்துடறார். வந்து, இவர் கையாலேயே இவரை..." அவர் தன் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினார். "ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். அன்னைக்குத்தான் விரல். அழிச்சுப் பார்த்தோம். அன்னைக்குப் பல்லு. அடுத்த நாள் அழிச்சதெல்லாம் அப்படியே திரும்ப இருந்துச்சு. இன்னொரு தடவைன்னா உயிர் தங்காது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

தடக் என்றது டிஸ்க்.

திரை அணைந்தது.

நான் தொடவில்லை. அவர்களும் தொடவில்லை.

சோற்றுத் தட்டு கணவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. காலி வீட்டின் ஜன்னலைப் பார்ப்பது போல இருந்தது. அவர் அப்படியே சரிய, நான் பாய்ந்து அக்குளில் கைகொடுத்துத் தாங்கினேன். பாரம் என்னைச் சுவரோடு சாய்த்தது. திரை என் முதுகுப் பக்கம் போய்விட்டது.

"சார்! பட்டியல் வந்திருச்சு சார்!"

"தம்பியை அழுத்துங்க!"

"பேரே இல்லை! கட்டம் கட்டமா இருக்கு!"

கழுத்தைத் திருப்பினேன். மேல் வரியில் ஆறு வெள்ளைக் கட்டங்கள். கீழ் வரியில் ஐந்து. மேல் வரி வெளிச்சமாக நின்றது. ஓரத்தில் ஏழு, ஆறு என்று நொடி குறைந்துகொண்டிருந்தது.

"எத்தனாவது சார்? சீக்கிரம்! எத்தனாவது?"

"ஒண்ணு!" என்று கத்தினேன். "ஒண்ணை அழுத்துங்கம்மா!"

ஒன்று என்றால் உலகத்தில் எல்லாருக்கும் முதலாவது. எனக்கு மட்டும்தான் இரண்டாவது.

அந்த அம்மா மேல் வரியை அழுத்தினார்.

என் கைகளுக்குள் இருந்த உடம்பு கனத்தது. பிறகு தன் காலில் நின்றது. என்னைவிட நிதானமாக மூச்சு விட்டது.

"அளந்தது நீங்களா?" என்று கேட்டது.

அதே வாய். அதே குழிந்த கன்னம். குரல் வேறு, வயதில் மூத்த, மரியாதை தெரிந்த ஆளின் குரல்.

"எவ்வளவு குறைச்சீங்க?"

பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பத்து," என்றேன்.

அவர் தலையாட்டினார். என் இடது கையின் நடுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேசையிலிருந்து பென்சிலை எடுத்தார், அடிக்கோலை எடுத்தார். கண்ணாடி முன் நின்றார். நெற்றி நடுவிலிருந்து மூக்கு, உதடு, மோவாய், சட்டைப் பித்தான்கள் வழியாக இடுப்புவரை நேராக ஒரு கோடு போட்டார். தோல் கிழிந்து ரத்தம் கோட்டோடு வந்தது. கொஞ்சம் யோசித்தார். கட்டைவிரல் அகலம் வலது பக்கம் தள்ளி இன்னொரு கோடு போட்டார்.

"இது என் பக்கம்," என்றார். "அது அவன் பக்கம்."

கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த கடப்பாரை அவர் இடது கைக்கு வந்தது.

முதலில் வலது கை. மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஆணி அடிப்பவரைப் போலப் பொறுமையாக அடித்தார். மணிக்கட்டு, முழங்கை, தோள். பிறகு வலது முழங்கால். அது பின்பக்கமாக மடங்கியது, அவர் ஒற்றைக் காலில் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். செங்கல்மேல் ரத்தம் தெறித்தது. மேசைமேல் எலும்புத் துண்டு விழுந்தது. மனைவி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார். முழங்கையால் ஒரே இடியில் அந்த அம்மாவை ஜன்னல்மேல் எறிந்தார்.

இத்தனைக்கும் ஒரு முனகல் இல்லை.

வலிக்க வேண்டியவர் அங்கே இல்லை. அவர்தான் படுத்திருந்தார்.

கடப்பாரையின் முனையைத் தன் வலது கன்னத்துக்கு நேராகத் திருப்பினார். எனக்கு அப்போதுதான் வாய் வந்தது.

"கீழ் வரிம்மா! ரெண்டாவது! அணைச்சுப் போட்டுட்டு ரெண்டாவது வரியை அழுத்துங்க!"

நெற்றியில் ரத்தம் வழிய அந்த அம்மா தவழ்ந்து போனார். பித்தானை அழுத்திப் பிடித்தார். திரை அணைந்து எழுந்தது. கட்டங்கள். கீழே இறங்கினார். அடித்தார்.

இந்த முறை நான் சொன்னது சரியான பதில். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தம்பி திரும்பி வந்தார். உடைந்த கை, நொறுங்கிய தோள், மடங்கிய கால், அத்தனை வலியும் ஒரே நொடியில் அவருக்காகக் காத்திருந்தது. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. தெருவில் கதவுகள் திறந்தன. அவர் மனைவியைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார், அவரை நோக்கி இடது கையை நீட்டினார். அலறல் தேய்ந்து முடிந்தபோது மூச்சும் முடிந்துவிட்டது.

டிஸ்க் தடக் என்றது. திரையில் பட்டியல் மறுபடி வந்தது.

ஒரே வரி. ஆறு கட்டம்.

அந்த அம்மா அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. "ஒண்ணுன்னீங்களே சார்," என்று மட்டும் கேட்டார். ஆள் கூடி, வண்டி வந்து, அவரை ஏற்றிக்கொண்டு போகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கு அது ஏதோ புலம்பல். எனக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. விரலில் கட்டோடு வீட்டில் கிடக்கிறேன், கடைக்குப் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை மதியம் என் மேசைமேல் என்னுடைய சொந்தக் கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. மணியைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியதில்லை.

அதில் நான் போட்டிருப்பது ஒரே ஓ.எஸ். பட்டியலில் இரண்டு வரி இருந்தது. கீழே என் பெயர், நல்ல ஆங்கில எழுத்தில். மேலே ஆறு வெள்ளைக் கட்டங்கள். கீழ் வரிக்கு இறங்கி அழுத்தினேன். உள்ளே போய் டிஸ்கைத் திறந்து அளந்தேன். என் டிஸ்க் ஆயிரம் ஜி.பி. அவர் எடுத்திருந்தது ஐந்நூற்றுப் பத்து.

தினமும் இரண்டு பத்துக்கு மேசை முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். ஒயரைப் பிடுங்கவில்லை. அழிக்கவும் இல்லை, 'ஃபார்மட்' என்று என்னைக் கூப்பிட்டவர்கள் வந்து பார்க்க வேண்டும். பத்து நொடி இருக்கிறது. கீழ் வரி, என்டர். இவ்வளவுதான், பழகிவிட்டது என்று நினைத்தேன்.

இன்றைக்குச் சாப்பிட்ட அசதியில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது மணி இரண்டு இருபது. கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தேன். இடது கையில் பென்சில் இருந்தது. நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு கோடு இருந்தது, நடுவிலிருந்து கட்டைவிரல் அகலம் தள்ளி.

கூடத்திலிருந்து என் அம்மா கேட்டாள்: "உள்ள யாரோட பேசிட்டிருந்தே? பெரிய ஆள் குரலா கேட்டுச்சே?"

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

எனக்கு அண்ணன் இல்லை.